பெருங்காற்றுக் கேள்வி

அலுவலகத்தில் எனக்குப் பிரியாவிடை நடந்த அன்று, கேக் வெட்டுவதற்கு முன்பே ஒரு சண்டை போட்டுவிட்டேன். குப்பைக்குப் போகவிருந்த அட்டைப்பெட்டிக்குள் ஒரு படம் கிடந்தது. தபாற்கந்தோர் வாசலில் கறுப்புச் சால்வை போர்த்திய நாலு கிழவிகளும் தொப்பி போட்ட ஒரு கிழவரும் வரிசையில் நிற்கும் பழைய படம். கண்ணாடி ஒரு மூலையில் வெடித்திருந்தது. "இதை யார் எறிந்தது?" என்று நோர்வேஜிய மொழியில் நான் போட்ட சத்தத்தில், மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தவர் கையைச் சுட்டுக்கொண்டார்.

தாரணி ஓடி வந்தாள். இங்கேயே பிறந்த பிள்ளை, எங்கள் பகுதியில் ஆக இளையவள். "அன்ரி, அது அலுவலகச் சாமான் லிஸ்ட்டிலை இல்லை, அதுதான் போட்டிட்டினம். இவை ஆர், உங்கடை சொந்தக்காரரோ?"

"ஓம், என்ரை மாமியார். விளையாடுறியா நீ? இவை அயர்லாந்துக்காரர். நூறு வருசத்துக்கு முந்தின ஆக்கள்."

"அப்ப ஏன் இவ்வளவு கோவம்?"

அந்தக் கேள்விக்குக் கேக்கைச் சாப்பிட்டு முடிக்கும் நேரத்துக்குள் பதில் சொல்ல முடியவில்லை. அவள் விடுகிற பிள்ளையும் இல்லை. "அன்ரி, நீங்கள் பாத்ததிலை ஆக வான்ஸ்கெலியான சாக் எது?" என்று அடுத்ததைப் போட்டாள். ஆகக் கடினமான கோப்பு எது என்று கேட்கிறாளாம். இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். அதனால் இதை எழுதுகிறேன். இப்போது வயதையெல்லாம் கணினியே கணக்குப் போட்டுவிடுகிறது. பிறந்த தேதியை அடித்தால் ஓய்வு பெறும் தேதி வந்து விழும். பிறந்த தேதியே தெரியாத ஒருவர் முன்னால் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது என்பதைக் கணினிக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் இந்த நாட்டுக்கு எழுபதுகளில், படிக்க வந்த ஒருவருக்கு மனைவியாக வந்தேன். வடக்கே ஒரு துறைமுகத்தில் மீன் வெட்டினேன். பிறகு ஒஸ்லோவில் வயோதிபர் விடுதியில் துணி மடித்தேன். மொழி படித்தேன், சோதனை எழுதினேன், விழுந்தேன், திரும்பவும் எழுதினேன். கடைசியில் நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் ஓர் ஓய்வூதிய அலுவலகத்தில் எழுதுநராகி, அங்கேயே கோப்பு பார்க்கும் அதிகாரியும் ஆனேன். ஒரு பந்திக்குள் அடக்கிவிட்டேன், ஆனால் பதினைந்து வருடம் போனது.

அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் பெயர் ஸ்வெர்ரெ. நெடிய மனிதர். நாற்காலியில் இருக்கும்போது முழங்கால் இரண்டும் மேசையில் இடிக்கும். பதினொரு மணிக்கு மெழுகுக் கடதாசியைப் பிரித்து, மண்ணிறப் பாற்கட்டி வைத்த இரண்டு துண்டுப் பாணைத் தின்பார். அந்தப் பத்து நிமிடத்தில் அரசாங்கமே கவிழ்ந்தாலும் தொலைபேசியைத் தொடமாட்டார். "ஆம்" என்பதை மூச்சை உள்ளே இழுத்தபடிதான் சொல்லுவார். இந்த நாட்டில் பலருக்கு அந்தப் பழக்கம் உண்டு என்றாலும் அவருடையது கொஞ்சம் அதிகம். முதல் வாரம் முழுவதும் அவருக்கு இழுப்பு வருத்தம் என்று நினைத்து, கதைக்கும்போதெல்லாம் யன்னலைத் திறந்துவிட்டேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மனிதர் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

அந்தப் படம் அவருடையது. இளமையில் வரலாறு படித்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் ஆண்டு அயர்லாந்து. அந்த ஒரு நாடு, அந்த ஒரு ஆண்டு, அதைப் பற்றித்தான் ஆராய்ந்து எழுதத் தொடங்கினார். எழுதி முடிக்கவில்லை. ஆனால் எங்களுக்குச் சொல்லி முடித்தார், பல தடவை.

அந்த ஆண்டைப் பற்றிக் கேட்டால் படித்தவர்கள் நிலச் சட்டம் என்பார்கள், கட்சிச் சண்டை என்பார்கள், லண்டன் பாராளுமன்றம் என்பார்கள். ஸ்வெர்ரெக்கு அந்த ஆண்டு தபாற்கந்தோர் வாசலில்தான் தொடங்கும். ஜனவரி முதலாம் தேதி. எழுபது வயதான ஏழைகளுக்கு அரசாங்கம் முதன்முதலாக ஓய்வூதியம் கொடுத்த நாள். அயர்லாந்து முழுவதும் முதியவர்கள் நடந்தும் வண்டியிலும் வந்து வரிசையில் நின்றார்கள். ஆனால் எழுபது வயது என்பதை எப்படிக் காட்டுவது? அந்த நாட்டில் எல்லாப் பிறப்பையும் பதிய வேண்டும் என்ற சட்டம் வந்தது 1864இல்தான். எழுபது வயதுக்காரர் எல்லோரும் அதற்கு முன்னே பிறந்தவர்கள். கடதாசி கிடையாது. சிலர் மாதா கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தைத் தேடினார்கள். சிலர் பழைய குடிசன மதிப்பு ஏட்டில் தங்கள் பெயரைத் தேடச் சொன்னார்கள்.

மற்றவர்களுக்கு ஒரு காற்று கைகொடுத்தது. சரியாக எழுபது வருடத்துக்கு முன்னே, 1839 ஜனவரியில், ஓர் இரவு முழுக்க அந்தத் தீவையே புரட்டிப் போட்ட பெருங்காற்று. "அந்த இரவு உனக்கு ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்பார்களாம். ஞாபகம் இருந்தால் எழுபது தாண்டியாயிற்று.

"பிறகு என்ன நடந்திருக்கும், சொல்லுங்கள் பார்க்கலாம்?" என்று ஸ்வெர்ரெ கேட்பார்.

"முழு ஊருக்கும் ஞாபகம் வந்திருக்கும்" என்பேன்.

மூச்சை உள்ளே இழுத்து ஆம் என்பார். லண்டனில் இருந்தவர்களுக்கு ஒரே எரிச்சல். அயர்லாந்தில் இத்தனை கிழவர்களா என்று முணுமுணுத்தார்கள். கலியாணத்துக்காக வயதைக் குறைத்துச் சொன்னவர்கள் அந்த ஆண்டு என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று சொல்லிச் சொல்லி அவர் கண்ணீர் வரச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பு ஒருநாள் என் மேசைக்கே வந்து உட்காரும் என்று அப்போது தெரியாது.

ஸ்வெர்ரெ அந்தக் கதையைப் பொழுதுபோக்குக்குச் சொல்லவில்லை. எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் ஜனவரி முதலாம் தேதி பிறந்தவர்கள் ஏராளம். சோமாலியாவில் இருந்து, பாகிஸ்தானில் இருந்து, ஈராக்கில் இருந்து, எங்கள் ஊரில் இருந்து. நாட்டுக்குள் வந்த அன்று தேதி சொல்லத் தெரியாதவர்களுக்கு யாரோ அப்படி எழுதிவிட்டார்கள். விதி கடுமையானது. முதலில் சொன்ன தேதிதான் தேதி. மாற்ற வேண்டுமென்றால் அதற்கு முன்பே எழுதப்பட்ட ஒரு பத்திரம் வேண்டும். இப்படி வயதுத் தகராறு உள்ளவற்றை அவர் "ஐரிஷ் கோப்பு" என்பார். அதற்கென்று ஒரு நடைமுறையும் வைத்திருந்தார்.

மூன்று தாள். மூன்றும் பென்சிலால் எழுத வேண்டும். முதல் தாளில் கடதாசிகள் சொல்வது. இரண்டாம் தாளில் ஆள் சொல்வது, அவருடைய மொழியிலேயே முதலில், கீழே மொழிபெயர்ப்பு. மூன்றாம் தாளின் தலைப்பு "பெருங்காற்று". அந்த மனிதர் அந்த வயதில் உண்மையாகவே இருந்திருந்தால் மட்டும் அவருக்குத் தெரியக்கூடிய ஒன்று. தேதி கேட்கக் கூடாது. நாங்களாக ஒரு சம்பவத்தின் பெயரை எடுத்துக் கொடுக்கக் கூடாது. கேட்டுவிட்டு வாயை மூட வேண்டும்.

இந்தக் கடைசி விதியில்தான் எனக்கு உயிர் போனது. என் முதல் ஐரிஷ் கோப்பில், ஒரு முதியவரிடம் "ஐயா, பெரிய வெள்ளம் வந்ததே, அது ஞாபகமோ?" என்று கேட்டுவிட்டேன். அவர் அரைமணி நேரம் வெள்ளத்தை வர்ணித்தார். மாடு மிதந்தது, வீடு மிதந்தது, கோபுரம் மட்டும் தெரிந்தது. ஸ்வெர்ரெ மூன்றாம் தாளை வாசித்துவிட்டு அழிறப்பரை என் பக்கம் தள்ளினார். "இது வெள்ளத்தின் ஞாபகம், அவருடையது அல்ல" என்றார். "சின்னப் பிள்ளை காற்றைப் பார்க்காது. காற்றில் பறந்த தன் தொப்பியைத்தான் பார்க்கும்." முழுத்தாளையும் அழித்தேன். அழித்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றார், பாவி மனிதர்.

இனித் தாரணி கேட்ட அந்தக் கோப்பு. இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு, பனி உருகிச் சேறாகக் கிடந்த மாதம். பக்கத்து ட்வெய்ட்டாப் பகுதியில் இருந்து ஒரு தம்பதி வந்தார்கள். சிவஞானம் அண்ணை ஒரு ஹோட்டல் சமையலறையில் பதினாறு வருடமாகப் பாத்திரம் கழுவுகிறார். மனைவி புவனேஸ்வரி அக்கா. அண்ணைக்கு மொழி மட்டுமட்டு என்பதால் அக்காதான் அவருடைய கடிதமெல்லாம் உடைப்பவர், கையெழுத்துப் போடுபவர், அலுவலகங்களில் கதைப்பவர். அதற்கு முறைப்படி அதிகாரப் பத்திரமும் கொடுத்திருந்தார்கள். அண்ணை முழங்காலைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து உட்கார்ந்தார். பதிவில் அவருக்கு அறுபத்திரண்டு வயது, ஓய்வூதியமோ அறுபத்தேழில்தான்.

"தங்கச்சி, எனக்கு உண்மையிலை அறுபத்தேழு" என்றார்.

"ஆர் சொன்னது?" என்று அக்கா கேட்டார். நான் கேட்கவேண்டிய கேள்வி அது.

"எனக்குத் தெரியும்."

"இவருக்கு முழங்கால் நோ, தங்கச்சி. அதாலை வயசு கூடிப்போச்சு. கடுதாசி ஏதும் வேணுமெண்டா நான் கொண்டுவாறன். இவற்றை சாதகம் என்னட்டைக் கிடக்கு. பத்துக்குப் பத்துப் பொருத்தம் பாத்துக் கட்டினது."

அண்ணையின் முகம் கழுவிய பீங்கான் நிறத்துக்குப் போனது. நான் அதைக் குறித்துக்கொண்டேன், தாளில் அல்ல, மனதில். அடுத்த நாளே அக்கா சாதகத்தைக் கொண்டுவந்து வைத்தார். மஞ்சள் பூசிய மூலை, பிளாஸ்டிக் உறை. சித்திரபானு வருடம், மாசி மாதம். அதாவது 1943. பதிவில் உள்ள அதே தேதி. கட்டின மனைவியே புருசனின் வழக்கை மூடிவிட்டு, வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கோப்பு அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு தமிழ்ப் பெண், இருபத்தேழு வயதுவரை கலியாணம் சரிவராமல் வீட்டில் இருந்தவள் என்றால், அவளுக்குக் கட்டம் பார்க்கத் தெரியாமல் இருக்குமா? என் கட்டத்தை எத்தனை பேர் எத்தனை விதமாக வைத்துக் குழப்பினார்கள். மதியம் சாப்பிட்டபடி சும்மா அந்தக் கட்டத்தைப் பார்த்தேன். சனி மீனத்தில் இருந்தது. மனதுக்குள் ஏதோ இடறியது. வீட்டுக்குப் போய்ப் பழைய பஞ்சாங்கக் கணக்கைத் தட்டிப் பார்த்தேன். சனி ஒரு வீட்டைக் கடக்க இரண்டரை வருடம் எடுக்கும் ஆறுதலான ஆள். சித்திரபானு மாசியில் அவர் ரிஷபத்தில் இருக்க வேண்டும். இரண்டு வீடு பிந்தி நின்றார். வியாழன் மிதுனத்தில் இருக்க வேண்டும், மகரத்தில் இருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து அப்படி நின்றது ஐந்து வருடத்துக்கு முன்னே, ஈஸ்வர வருடம் மாசியில். 1938.

யாரோ ஒருவர் உண்மையான சாதகத்தைப் பார்த்து எழுதி, வருடத்தையும் நட்சத்திரத்தையும் சந்திரனையும் மட்டும் மாற்றியிருக்கிறார். மற்றக் கிரகங்களை நகர்த்தப் பஞ்சியாக இருந்திருக்கும், சோம்பேறிக்கு.

ஸ்வெர்ரெயிடம் போய்ச் சொன்னேன். அவர் பாணைக் கீழே வைத்தார். பதினொரு மணி ஐந்து நிமிடத்தில்! பல்கலைக்கழகத்தில் வானியல் படிப்பிக்கும் தன் நண்பருக்கு, பெயர் ஊர் ஒன்றும் சொல்லாமல், கிரகங்களின் இடத்தை மட்டும் எழுதி அனுப்பச் சொன்னார். எங்கள் ராசிக் கணக்கும் அவர்களுடைய கணக்கும் இருபத்துமூன்று பாகை வித்தியாசப்படும் என்பதை விளக்க எனக்கு இரண்டு பக்கம் போனது. பதில் ஒரு வரி: 1938, பெப்ரவரி கடைசி அல்லது மார்ச் தொடக்கம். கீழே, "இது யாருடைய வானம்?" என்று கேட்டிருந்தார்.

சிவஞானம் அண்ணையைத் தனியாக வரச் சொன்னேன். வேலை இடைவேளையில் ஈரக் கையோடு வந்தார். சனி மீனத்தில் நிற்கிறார் என்று சொன்னதுதான், மனிதர் தலையில் கையை வைத்துவிட்டார்.

"அந்தத் தரகருக்கு நான் அப்பவே சொன்னனான், வடிவா எழுதுமெண்டு" என்றார்.

பிறகு எல்லாம் வந்தது. பெண் வீட்டில் நாலு வயதுக்கு மேல் வித்தியாசம் கூடாது என்றார்களாம். அவருக்கோ பெண்ணை விட ஏழு வயது கூட. நட்சத்திரமும் பொருந்தவில்லை. அவர் புவனேஸ்வரியைக் கோயில் வீதியில் ஒருநாள் பார்த்துவிட்டார், வேறு பெண் வேண்டாம் என்றுவிட்டார். தரகர் புதுச் சாதகம் எழுதினார். பிறப்புப் பதிவு இல்லாததால் கலியாண எழுத்துக்கு அந்தத் தேதி, கலியாண எழுத்தைக் காட்டி எடுத்த கடவுச்சீட்டுக்கு அந்தத் தேதி, கடவுச்சீட்டைக் காட்டி வந்த நோர்வேக்கும் அந்தத் தேதி.

"அண்ணை, இதைக் கோப்பிலை எழுதினா உங்களுக்கு ஓய்வு கிடைக்கக் கூடும்."

"எழுதினா கடிதம் வீட்டை வருமோ?"

"வரும்."

"அவதான் உடைப்பா." ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார். "பத்துக்குப் பத்துப் பொருத்தம் எண்டு முப்பத்தெட்டு வருசமா ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறா, தங்கச்சி. அதிலை ஒண்டு கூட உண்மையில்லை எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? விடுங்கோ. அஞ்சு வருசம்தானே, கழுவிப்போட்டுப் போறன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தத் தரகர் மேல், அந்த மனிதர் மேல், அந்தப் பத்துப் பொருத்தத்தின் மேல். படி இறங்கும்போது அவர் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினார். கோப்பை மூடச் சொல்லிக் கேட்கிறார் என்று ஸ்வெர்ரெயிடம் சொன்னேன்.

"மூன்றாம் தாள் வெறுமையாக இருக்கிறதே" என்றார். "மூன்று தாளும் நிரம்பாத கோப்பை நான் மூடியதில்லை. கேளுங்கள். அவருக்கு விருப்பமில்லை என்றால் சும்மா இருக்கட்டும். அதையும் எழுதுவோம்."

"மனைவி இல்லாத நேரத்தில் கேட்கலாமா?"

"அதிகாரப் பத்திரம் மனைவியிடம் இருக்கிறது. அவருக்குத் தெரியாமல் இந்தக் கோப்பில் ஒன்றும் இருக்கக் கூடாது."

அதனால் அடுத்த கிழமை நாலு பேரும் ஒரு சின்ன அறைக்குள் இருந்தோம். சுவரில் அந்த அயர்லாந்துக் கிழவிகள். ஸ்வெர்ரெ தன் கையாலேயே கோப்பி ஊற்றினார். வழக்கம்போல முதலில் படத்தைக் காட்டி அந்த ஆண்டின் கதையைச் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். கலியாணத்துக்கு வயது குறைத்தவர்களின் பகுதியை நான் விழுங்கிவிட்டேன். அதிகாரியாக இருந்த காலம் முழுக்க நான் வேண்டுமென்றே மொழிபெயர்க்காமல் விட்டது அது ஒன்றுதான். பிறகு பென்சிலை எடுத்து, "அண்ணை, உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதிலை ஆக முதல் விசயம் என்ன?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடினேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். அக்கா கைப்பையைப் பார்த்தபடி இருந்தார். வெளியே ஒரு பேருந்து வந்து நின்று போனது. அவர் தெரியாது என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். சொல்லியிருந்தால் கோப்பு மூடியிருக்கும், அவர் திரும்பிப் போய் ஐந்து வருடம் நின்று கழுவியிருப்பார்.

"ஒரு கோழி" என்றார்.

நான் எழுதினேன்.

"அடைகாத்த பேட்டுக்கோழி. நாங்கள் அப்ப திருக்கோணமலையிலை. அப்பு துறைமுகத்திலை வேலை. விடியக் காலமை ஒரே சத்தம். அம்மா என்னைத் தூக்கி மாட்டுவண்டிலுக்கை போட்டா. பிறகு ஓடிப்போய்க் கோழியை முட்டையோடை பெட்டியிலை வைச்சு என்ரை மடியிலை வைச்சா. ஒரு துண்டாலை மூடிப்போட்டு, 'கோழிக்குப் புகை தெரியக் கூடாது, தெரிஞ்சா எழும்பிடும், இறுக்கிப் பிடி' எண்டா. எனக்குப் பின்னாலை வானம் கறுப்பு. எண்ணெய்த் தாங்கி எரியுதெண்டு ஆரோ கத்தினது கேட்டது. நான் திரும்பிப் பாக்கேல்லை. துண்டைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். துண்டிலை நீலக் கோடு. காடு முழுக்க அப்பிடியே பிடிச்சுக்கொண்டு போனனான்."

ஜப்பான்காரன் திருக்கோணமலையில் குண்டு போட்டது 1942 ஏப்ரலில். 1943 மாசியில் பிறந்த ஒருவருக்கு மடியில் கோழி வைத்திருக்க முடியாது. அறையில் இருந்த எல்லோருக்கும் அந்தக் கணக்குத் தெரியும். ஸ்வெர்ரெக்கு நான் மொழிபெயர்த்து முடித்தபோது அவர் மூச்சை உள்ளே இழுத்தார், ஆனால் ஆம் என்ற சொல் வெளியே வரவில்லை.

"இதை நீங்கள் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை" என்றார் புவனேஸ்வரி அக்கா.

"எப்பிடிச் சொல்லுறது?" என்றார் அண்ணை. "சொன்னா வருசம் கணக்குப் பாப்பீர் எல்லே. மறைச்ச அந்த அஞ்சு வருசத்துக்குள்ளை நடந்த ஒண்டையும் நான் உமக்குச் சொல்லேலாமல் போச்சு. அம்மாவைப் பற்றிக் கூட. அவ அதுக்குப் பிறகு கனகாலம் இருக்கேல்லை. எனக்கு அவவைப் பற்றி இருக்கிற ஞாபகம் எல்லாம் அதுக்குள்ளைதான் கிடக்கு."

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். கண் கலங்கினால் பென்சில் எழுத்துத் தெரியாது.

அக்கா கைப்பையைத் திறந்தார். கண் துடைக்க லேஞ்சி எடுக்கிறார் என்று நினைத்தேன். சேலைத் துண்டில் சுற்றிய ஒரு பழைய கொப்பி வெளியே வந்தது. மண்ணிறக் கடதாசி, கறுத்த மை, ஒரு மூலை எறும்பு தின்றது. மேசையில் என் பக்கமாகத் தள்ளினார். ஈஸ்வர வருடம். மாசி மாதம். சனி மீனத்தில்.

"கட்டின முதல் வருசமே உங்கடை ட்ரங்குப் பெட்டிக்கு அடியிலை கண்டெடுத்தனான்" என்றார் புருசனைப் பார்த்து. "நீங்களாச் சொல்லுவியள், சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். முப்பத்தெட்டு வருசம். இந்த நாட்டுக்கு வரேக்கையும் சேலைக்குள்ளை வைச்சுக் கொண்டு வந்தனான்."

"அப்ப ஏனடியப்பா அந்தப் பொய்ச் சாதகத்தைக் கொண்டுவந்து குடுத்தனீர்?"

"உங்கடை வாயாலை வரட்டும் எண்டுதான்." பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தணித்தார். ஆனால் தணிந்த குரலே வாசல் வரைக்கும் கேட்கும். "இன்னொண்டும் இருக்கு, தங்கச்சி. மறைச்சு என்ன. இவர் வேலைக்குப் போற நேரம்தான் எனக்கு வீட்டிலை நிம்மதி. நிண்டா கறிச்சட்டியைத் திறந்து திறந்து பாப்பார். இன்னும் அஞ்சு வருசம் கிடைச்சா நல்லதெண்டு நினைச்சது உண்மைதான். முழங்கால் இவ்வளவு மோசமெண்டு எனக்கும் சொல்லேல்லை. கோழியைச் சொல்லாதவர் முழங்காலைச் சொல்லுவாரோ?"

இதை ஸ்வெர்ரெக்கு மொழிபெயர்த்தேன், கறிச்சட்டி உட்பட. மனிதர் மேசையில் முழங்கால் இடிபடச் சிரித்தார். அண்ணையும் சிரித்தார், அழுதபடி.

"அப்ப அந்தப் பத்துப் பொருத்தம்?" என்று நான் கேட்டேன். வாய் சும்மா இருக்காதே.

"அது நான் சும்மா சொல்லுறது" என்றார் அக்கா. "சொல்லிச் சொல்லி அப்பிடியே ஆகிப்போச்சு."

மேலிடத்துக்குப் போன கோப்பில் நான்கு இணைப்புகள் இருந்தன: பழைய கொப்பி, அதன் மொழிபெயர்ப்பு, வானியல்காரரின் ஒரு வரி, மூன்றாம் தாள். கொப்பியின் கடதாசியையும் மையையும் யாரோ பரிசோதித்தார்கள். இரண்டு தரம் திருப்பி அனுப்பினார்கள். ஸ்வெர்ரெ இரண்டு தரமும் தன் கையாலேயே பதில் எழுதினார். இலையுதிர் காலம் முடிவதற்குள் அண்ணை ஏப்ரனைக் கழற்றினார். அடுத்த வருடம் அலுவலகங்களை ஒன்றாக்கும் வேலை தொடங்கியபோது ஸ்வெர்ரெயும் ஓய்வு பெற்றார். போகும்போது பாத்திரத் துவாயில் சுற்றி அந்தப் படத்தை என்னிடம் தந்து, சுவரிலேயே மாட்டி வைக்கச் சொன்னார். தாரணிக்கு இப்போது விளங்கியிருக்கும், ஏன் அவ்வளவு சத்தம் போட்டேன் என்று. படம் இப்போது லோறென்ஸ்கூக்கில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருக்கிறது. நூறு வருடம் நின்ற வரிசை, இன்னும் கொஞ்சம் நிற்கட்டும்.

ஆனால் எனக்கு அந்தக் கோப்பு மேலிடத்தில் முடியவில்லை. அன்றைக்கே, அறை வாசலில் முடிந்தது. கையெழுத்தெல்லாம் போட்டு இரண்டு பேரும் வெளியே போனார்கள். அண்ணையின் முழங்காலுக்காக நான்தான் லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பினேன். தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது நடையில் இருந்து அக்காவின் குரல் கேட்டது.

"இஞ்சாருங்கோ, அந்த முட்டையள் என்ன நடந்தது? குஞ்சு பொரிச்சதோ?"

"பொரிச்சது. காட்டுக்குள்ளை, வண்டிலுக்கையே."

"எத்தினை?"

"ஏழு. இல்லை, எட்டு. ஒண்டை நான் சட்டைக்குள்ளை ஒளிச்சு வைச்சிருந்தனான். அம்மா கண்டிட்டா."

"கண்டிட்டு?"

லிஃப்ட் வந்து கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து மூடும் சத்தமும் கேட்டது. எட்டிப் பார்த்தேன். இருவரும் ஏறவில்லை. அவர் ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி, மற்றக் கையைச் சட்டைக்குள் வைத்துக் காட்டிக்கொண்டு நின்றார். எவ்வளவு பெரிய குஞ்சு என்று அக்கா கேட்டுக்கொண்டிருந்தார்.